பரணில் கிடக்கும் தாத்தாவின் துப்பாக்கி

கொடைக்கானல் நீதிமன்றத்தில் வழக்காடுகிறேன். கீழ்மலை, மேல்மலை இரண்டு பக்கமிருந்தும் துப்பாக்கி வழக்கு பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் வேட்டைக்காரர்கள் இல்லை. வீட்டில் கிடப்பதை என்ன செய்வது என்று தெரியாதவர்கள்.

தாண்டிக்குடியிலிருந்து: வக்கீலம்மா, தாத்தாவின் நாட்டுத் துப்பாக்கி பரணில் கிடக்கிறது. லைசென்ஸ் இல்லை. நாங்கள் தொட்டதுகூட இல்லை. அதற்கும் தண்டனையா?

தண்டனைதான். கையில் பிடித்திருக்க வேண்டியதில்லை. அங்கே இருப்பது உங்களுக்குத் தெரிந்து, அது உங்கள் வசத்தில் இருந்தாலே போதும் என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே சொல்லிவிட்டது. ஆயுதச் சட்டம் 25-ஆம் பிரிவில் இதற்குக் குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 5 வருடம், அபராதம் தனி. இரண்டுக்குக் கீழே இறங்க நீதிபதிக்கு வழி உண்டு. ஆனால் தகுந்த சிறப்புக் காரணத்தைத் தீர்ப்பிலேயே எழுத வேண்டும். வயது, உடல்நிலை, முதல் வழக்கு என்றெல்லாம் நாங்கள் மன்றாடுவது அந்த ஒரு வரிக்காகத்தான்.

அப்புறம், இந்த வழக்கை நடத்த ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். அந்த உத்தரவு கோப்பில் இருக்கிறதா என்று உங்கள் வக்கீலை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

வடகவுஞ்சியிலிருந்து: 2018-ல் போட்ட வழக்கு இப்போதுதான் விசாரணைக்கு வருகிறது. 5 வருடம் போடுவார்களா?

மாட்டார்கள். தண்டனை கூடியது 2019 டிசம்பர் திருத்தத்தில்தான். அதற்கு முந்தைய குற்றத்துக்குப் பழைய அளவு, 1 முதல் 3 வருடம். விசாரணைக் காலத்தில் உள்ளே இருந்த நாட்களும் கழியும்.

பண்ணைக்காட்டிலிருந்து: கொல்லுப்பட்டறை வைத்திருக்கிறேன். தெரிந்தவர் ஒருவர் துப்பாக்கியின் விசையை மட்டும் பற்றவைத்துத் தரச் சொல்கிறார். தரலாமா?

தம்பி, தயவுசெய்து தொடாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியை ரிப்பேர் செய்வதையும் புதிதாகச் செய்வதையும் சட்டம் ஒரே தட்டில் வைத்திருக்கிறது. குறைந்தது 7 வருடம், ஆயுள் வரை போகலாம். வைத்திருந்தவருக்கு 5 வருடத்தோடு முடிகிறது. ஐம்பது, நூறு கூலிக்குப் பற்றவைத்தவருக்கு 7-ல் தொடங்குகிறது! முன்பு இது 3 முதல் 7 வரைதான். ஆயுதம் கடத்தும் கும்பலுக்காக ஏற்றிய தண்டனை, அரிவாள் அடித்துப் பிழைக்கிற கொல்லர் தலையிலும் விழுகிறது. எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு. ஆயுள் வரை போகும் பிரிவு என்பதால் குற்றப்பத்திரிகை போடப் போலீசுக்கு 90 நாள் அவகாசம். அதுவரை ஜாமீன் கிடைக்காமல் போனால் பட்டறையும் வீடும் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

மன்னவனூரிலிருந்து: காட்டுமாடு கேரட்டை மிதித்து நாசம் செய்கிறது. விரட்டுவதற்கு வானத்தைப் பார்த்துச் சுட்டால்?

உங்கள் நஷ்டம் புரிகிறது. ஆனாலும் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியால் சுட்டால் 27-ஆம் பிரிவும் சேரும், 3 முதல் 7 வருடம். மாடு செத்தால் வனவிலங்குச் சட்டம் வேறு. காட்டுமாடு முதல் அட்டவணையில் இருப்பதால் 3 முதல் 7 வருடம், அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். தண்டனைகளை ‘ஏக காலத்தில்’ அனுபவிக்க வேண்டும் என்று நீதிபதி உத்தரவிட்டால்தான் சேர்ந்து ஓடும். ஒன்றன்பின் ஒன்றாக என்று உத்தரவிட்டால் ஒன்று முடிந்துதான் அடுத்தது.

பெருமாள்மலையிலிருந்து: ஏர்கன்னுக்கும் லைசென்ஸ் வேண்டுமா?

குண்டு வெளிவரும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் அல்லது குழலின் துளை அகலம் 0.177 அங்குலத்துக்கு மேல் என்றால் வேண்டும்.

மறுபடி தாண்டிக்குடி: அப்படியானால் தாத்தாவின் துப்பாக்கியை பஸ்ஸில் எடுத்துப்போய் ஸ்டேஷனில் கொடுத்துவிடட்டுமா?

வேண்டாம். வழியில் பிடித்தால் எடுத்துச் சென்றதாக வழக்கு வரும். தானாகக் கொடுத்தால் மன்னிப்பு என்று சட்டத்தில் பிரிவும் இல்லை. ஒரு வக்கீலை வைத்து ஸ்டேஷனுக்கு மனு எழுதுங்கள். அவர்களே வந்து, கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் எடுத்துப் போகட்டும். மனு நகலுக்கும் துப்பாக்கிக்கும் ரசீது வாங்குங்கள். அதுவரை யாரும் அதை இறக்க வேண்டாம். ஒருமுறை என் கண்முன்னே, சாக்கில் சுற்றி வைத்திருந்த துப்பாக்கியின் குழலுக்குள் ஏட்டு கம்பியை விட்டுப் பார்த்தார். கம்பி அடிவரை போகவில்லை, நாலு விரல் முன்னாலேயே நின்றது. எந்தக் காலத்திலோ கெட்டித்த மருந்தும் குண்டும் அப்படியே உள்ளே இருந்தன.