இதயம் பலவீனம் என்கிறார்கள், பிறகு ஏன் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை? கடலுக்குப் போகும் நாட்களில் அதை விடலாமா?

கேட்டிருப்பது இது. தங்கச்சிமடத்தில் விசைப்படகு வேலைக்குப் போகும் அப்பாவுக்கு எக்கோவில் இதயத்தின் பம்பிங் 30 சதவீதம் என்று வந்திருக்கிறது. மெட்டோப்ரோலால் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். போட்டால் அசதியாக இருக்கிறது, வலை இழுக்கத் தெம்பு இல்லை என்று கடலுக்குப் போகும் நாட்களில் மட்டும் போடாமல் விடுகிறார். இது சரியா?

சரியில்லை. விட்டு விட்டுப் போடுவது, சீராகப் போடுவதைவிட ஆபத்தான முறை. ஏன் என்பது இதயத் தசை செல்லின் மேல்பரப்பில் இருக்கும் பீட்டா ஏற்பியைப் புரிந்துகொண்டால் விளங்கும். டாக்டர்கள் ரிசெப்டர் என்று சொல்வது இதைத்தான். நல்ல இதயத்தில் இவற்றில் 70 முதல் 80 சதவீதம் பீட்டா-1 வகை, மீதியில் பெரும்பகுதி பீட்டா-2.

நரம்பு நுனியிலிருந்து நார்அட்ரினலினோ, ரத்தத்தில் வரும் அட்ரினலினோ பீட்டா-1-ல் வந்து ஒட்டினால் ஏற்பியின் வடிவம் மாறும். செல்லுக்குள் அதை ஒட்டி நிற்கும் ஜி புரதம் விழித்துக்கொண்டு அடினைலில் சைக்ளேஸ் என்ற நொதியைத் தூண்டும். அந்த நொதி, செல்லின் எரிபொருளான ஏடிபியை, சைக்ளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறாக மாற்றும். சைக்ளிக் ஏஎம்பி பெருகினால் புரோட்டீன் கைனேஸ் ஏ, சுருக்கமாக பிகேஏ, வேலையைத் தொடங்கும். பிகேஏ செய்வது ஒன்றே ஒன்றுதான்: குறிப்பிட்ட புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டுவது. எந்தப் புரதத்தில் ஒட்டுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரே ஒரு துடிப்பை எடுத்துக்கொள்வோம். ஓய்வில் இருக்கும் செல்லுக்குள் கால்சியம் சுமார் 100 நானோமோலார்தான். வெளியே அதைப்போலப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். மின்துடிப்பு வந்ததும் மேல்பரப்பில் உள்ள எல்-வகைக் கால்சியம் வாயில் திறந்து கொஞ்சம் கால்சியம் உள்ளே வரும். அந்தக் கொஞ்சமே உள்ளிருக்கும் சேமிப்பறையின் ரயனோடின் வாயிலைத் திறந்துவிடும். அங்கிருந்து கொட்டும் கால்சியத்தால் அளவு ஏறத்தாழப் பத்து மடங்கு கூடி, தசை இழையில் உள்ள ட்ரோப்போனின் என்ற புரதத்தில் ஒட்டி, தசை சுருங்கும். சுருங்கினால் போதாது, விரியவும் வேண்டும். வந்த கால்சியத்தில் சுமார் 70 சதவீதத்தைச் செர்கா என்ற பம்ப் சேமிப்பறைக்கே திருப்பி அனுப்புகிறது. மீதியில் பெரும்பகுதியைச் சோடியம்-கால்சியம் மாற்றி வெளியே தள்ளுகிறது.

செர்காவுக்கு ஒரு தடை உண்டு, பாஸ்போலாம்பன் என்ற சிறு புரதம். வள்ளத்தில் ஏறிய தண்ணீரை இறைப்பவனின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல அது செர்காவை மெதுவாக்கி வைத்திருக்கும். பிகேஏ அதில் பாஸ்பேட்டை ஒட்டியதும் பிடி தளர்ந்துவிடும், இறைப்பு வேகமாகும். ட்ரோப்போனின்-ஐ மீதும் பிகேஏ கை வைப்பதால் ட்ரோப்போனின் கால்சியத்தைச் சட்டென்று விட்டுவிடுகிறது. எல்-வகை வாயிலும் கூடுதலாகத் திறக்கிறது. அட்ரினலின் என்றால் இதயத்தை அழுத்திச் சுருக்கும் என்று மட்டும் நினைப்போம். அதே அளவுக்கு அது விரிவதையும் வேகப்படுத்துகிறது. நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 நொடி கிடைக்கும். 150 ஆனால் 0.4 நொடிதான், அதிலும் ஓய்வு நேரம்தான் அதிகம் குறையும். இடது கீழறைத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் அந்த ஓய்வில்தான் போய்ச் சேர்கிறது. வேகமாக விரியாத இதயம் தன் தசைக்கே சோறு போட முடியாது.

தூண்டுதல் முடிந்ததும் நிறுத்தவும் ஏற்பாடு உண்டு. பாஸ்போடைஎஸ்ட்ரேஸ் நொதிகள் சைக்ளிக் ஏஎம்பியை உடைத்துவிடும். தூண்டுதல் விடாமல் நீடித்தால் ஜிஆர்கே-2 என்ற நொதி ஏற்பியின் உட்பக்கத்திலேயே பாஸ்பேட்டை ஒட்டும். அங்கே பீட்டா-அரெஸ்டின் வந்து உட்கார்ந்துகொள்ளும், ஜி புரதம் நெருங்க முடியாது. பிறகு ஏற்பியே செல்லுக்குள் இழுக்கப்பட்டு, ஒன்று கழுவித் துடைத்து மேலே திரும்பும், இல்லை அழிக்கப்படும். நிமிடக் கணக்கில் தொடங்கும் இந்த ஒதுங்கல் நாள் கணக்கில் நீண்டால் ஏற்பிகளின் எண்ணிக்கையே குறைந்துபோகும். இந்த வகை ஏற்பிகளின் அமைப்பையும் வேலையையும் வெளிக்கொண்டு வந்ததற்காகத்தான் ராபர்ட் லெஃப்கோவிட்ஸுக்கும் பிரையன் கோபில்காவுக்கும் 2012-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது உங்கள் அப்பாவின் இதயத்துக்கு வருவோம். பம்பிங் குறைந்ததும் ரத்த அழுத்தம் இறங்குகிறது என்று உடம்பு நினைத்து, நார்அட்ரினலினை மாதக்கணக்கில் ஊற்றுகிறது. ஏற்பிகள் தாங்காமல் ஒதுங்குகின்றன. 1982-ல் மைக்கேல் பிரிஸ்டோ குழுவினர், செயலிழந்த மனித இதயங்களில் பீட்டா ஏற்பிகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். செர்காவின் வேலையும் தளர்கிறது. ரயனோடின் வாயில் சரியாக மூடாமல் ஓய்வு நேரத்திலும் கால்சியம் கசிகிறது. கசிந்ததைச் சோடியம்-கால்சியம் மாற்றி வெளியே தள்ளும்போது ஒரு கால்சியத்துக்கு மூன்று சோடியம் உள்ளே வருகிறது. அந்தக் கூடுதல் மின்னேற்றமே வேளைகெட்ட துடிப்பைக் கிளப்பிவிடும். இதய பலவீனத்தில் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர் திடீரென விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஓயாத தூண்டுதலில் செல்களும் சாகின்றன, போன செல் திரும்புவது மிக அரிது.

பீட்டா ஏற்பியை அடைக்கும் மெட்டோப்ரோலால் போன்ற மருந்துகளுக்கு பீட்டா பிளாக்கர் என்று பெயர். அது இந்த இடத்தில்தான் குறுக்கே நிற்கிறது. 1975-ல் ஸ்வீடனில் ஃபின் வாக்ஸ்டைன் இதை முதலில் எழுதியபோது பலர் ஏற்கவில்லை. நீங்கள் கேட்ட அதே கேள்வியைத்தான் அவர்களும் கேட்டார்கள். 1999-ல் வெளியான மெரிட்-எச்எஃப் ஆய்வில் மெட்டோப்ரோலால் சக்சினேட் இறப்பை 34 சதவீதம் குறைத்தது. ஓய்வு கிடைத்த செல் மெட்டோப்ரோலாலில் ஏற்பிகளை மறுபடி மேலே கொண்டுவருகிறது. ஆனால் கார்விடிலால் என்ற இன்னொரு பீட்டா பிளாக்கர் ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டாமலேயே நன்மை தருகிறது. அதனால் எண்ணிக்கையை விடத் தூண்டுதலிலிருந்து கிடைக்கும் பாதுகாப்புதான் பெரிது என்பது என் கருத்து.

மாத்திரையை விட்டால் நடப்பது இதுதான். மெட்டோப்ரோலால் ரத்தத்தில் 3 முதல் 7 மணி நேரத்தில் பாதியாகும். சக்சினேட் மெதுவாகக் கரைவதால் ஒரு நாள் தாங்கும், அதற்கு மேல் இல்லை. மருந்து போய்விடும், அது திரும்பக் கொண்டுவந்த ஏற்பிகள் மட்டும் திறந்து கிடக்கும். அந்த நேரத்தில் தங்கு கடலில், தூக்கமில்லாமல், ஈர வலையை இழுத்தால் அட்ரினலின் முழுவதும் அவற்றில் போய் விழும். படபடப்பு, நெஞ்சுவலி, தாறுமாறான துடிப்பு எதுவும் வரலாம். கரைக்கு வரவே பல மணி நேரம் ஆகும். நிறுத்த வேண்டிய கட்டாயம் வந்தாலும் டாக்டர் ஒன்று இரண்டு வாரத்தில் படிப்படியாகத்தான் குறைப்பார்.

அசதிக்கு வழி அளவில் இருக்கிறது. 12.5 அல்லது 25 மில்லிகிராமில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்கி, தாங்கினால் 200 வரை போவது முறை. ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் சில நாள் அசதியும் நீர்கோர்ப்பும் கூடலாம். தசை அதுவரை அந்தத் தூண்டுதலைப் பிடித்துக்கொண்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. 12.5-லிருந்து 200-க்கு நான்கு படி, எட்டு வாரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் இது அப்படியே அடங்கும். தடைக்காலம் நெருங்கிவிட்டது என்றால் டாக்டரிடம் இதைச் சொல்லித் திட்டமிடுங்கள். தடைக்காலத்துக்காக மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம். பம்பிங் ஏறுவது மூன்று மாதத்துக்குப் பிறகுதான் எக்கோவில் தெரியும். அதுவரை வலை இழுக்கும் வேலைக்கே போகலாமா என்பதையும் நேராகக் கேட்டுவிடுங்கள், 30 சதவீதம் சின்ன விஷயம் இல்லை.

அட்டையில் சக்சினேட் என்று இருக்கிறதா பாருங்கள். டார்ட்ரேட் என்பது மெட்டோப்ரோலாலின் வேறு வடிவம். ஏட்டினலால் என்ற பீட்டா பிளாக்கருக்கு இதய பலவீனத்தில் இந்த அளவு சான்று இல்லை. சக்சினேட் மாத்திரையைக் கோட்டில் உடைக்கலாம், மென்றோ நசுக்கியோ போடக்கூடாது. படகில் வாந்தி எடுத்துவிட்டால் இரண்டாவது மாத்திரை வேண்டாம், அடுத்த வேளைக்குப் போட்டால் போதும். நாடி 50-க்குக் கீழே போய்த் தலைசுற்றினாலோ, மூன்று நாளில் 2 கிலோ எடை கூடினாலோ காத்திருக்காமல் காட்டுங்கள். உடம்புவலிக்கு டைக்ளோஃபினாக் ஊசியோ மாத்திரையோ கூடவே கூடாது, அது உப்பையும் நீரையும் சிறுநீரகத்தில் தங்கவைத்துவிடும். கருவாடும் அந்த வேலையைத்தான் செய்யும்.

ஸ்பைரனோலாக்டோனும் எழுதியிருந்தால் அது அல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனின் ஏற்பியை அடைக்கும் மருந்து. அந்த ஏற்பி செல்லுக்குள் இருந்து மரபணுக்களோடு நேரடியாகப் பேசி, தசையில் நார்த்தழும்பைக் கூட்டுவது. இந்த மருந்தில் பொட்டாசியம் ஏறும். வெயிலுக்கு நாலைந்து இளநீர் குடிப்பவராக இருந்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும், தொடங்கிய முதல் வாரத்திலும் நான்காம் வாரத்திலும் ரத்தப் பரிசோதனை வேண்டும். தைராய்டையும் ஒருமுறை பாருங்கள். டி-3 ஹார்மோன் கூடினால் பீட்டா-1 ஏற்பிகளும் கூடிவிடும், அப்போது வழக்கமான அளவு பிளாக்கரில் படபடப்பு அடங்காமல் போகலாம்.

பாம்பன் பக்கம் பாசி எடுக்க முங்கும் பெண்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை. மூச்சடக்கி முங்கும்போது வேகஸ் நரம்பு எம்-2 ஏற்பி வழியாகத் துடிப்பை இறக்கும். அது பீட்டா-1-க்கு நேரெதிர் திசையில் இழுப்பது. பீட்டா பிளாக்கரும் சேர்ந்தால் துடிப்பு நினைத்ததைவிடக் கீழே போய், தண்ணீருக்குள்ளேயே மயக்கம் வரலாம். மருந்து எழுதும் டாக்டருக்கு நீங்கள் முங்கும் தொழில் செய்வது தெரிந்திருக்க வேண்டும்.