பவுடர் வாசனைக்கு ஆறாயிரமா?

கேள்வி: பிறந்தநாளுக்கு என் கணவர் ஒரு வெளிநாட்டு சென்ட் வாங்கித் தந்தார். ‘நளினமான பவுடரி ஃப்ளோரல்’ என்று கடையில் சொன்னார்களாம். விலை ஆறாயிரத்துக்கு மேல். மூடியைத் திறந்தால் பாட்டியின் பவுடர் டப்பா வாசனை! காலையில் ஐந்து முறை அடித்துக்கொண்டு போனாலும் பத்தரை மணிக்கெல்லாம் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. பக்கத்து சீட் தோழியோ தலை வலிக்கிறது என்று எழுந்து போகிறாள். வாசனை இருக்கிறதா, இல்லையா? டால்கம் பவுடரில் கிடைப்பதற்கு இவ்வளவு விலை எதற்கு?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: வாசனை இருக்கிறது. அதுவும் தேவைக்கு மேல் இருக்கிறது. உங்கள் மூக்குதான் அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிட்டது. தோழியை நம்புங்கள், நாளைக் காலை முதல் ஐந்தை இரண்டாக்குங்கள்.

பவுடர் டப்பா என்று சரியாகவே பிடித்திருக்கிறீர்கள். ஆனால் எது மூலம், எது நகல் என்பதைத் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள். டால்க் என்பது அரைத்த கல். அதற்கென்று சொல்லிக்கொள்ளும்படி வாசம் கிடையாது. பாட்டியின் டப்பாவில் நீங்கள் முகர்ந்தது, அந்தக் கல் மாவில் கலந்த சென்ட்டை. ஐரோப்பாவில் முகப் பவுடருக்கும் துணிப் பெட்டிக்கும் ஐரிஸ் என்ற பூச்செடியின் கிழங்கைக் காயவைத்து இடித்துப் போடுவது பழைய வழக்கம். நம் வீடுகளில் நலங்கு மாவுக்குப் பூலாங்கிழங்கு சேர்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிழங்கின் மணத்தைத்தான் பின்னால் வந்த பவுடர்களும் லிப்ஸ்டிக்குகளும் மலிவான சரக்கில் நகலெடுத்தன. நகலை முதலில் பார்த்துப் பழகியதால், மூலம் நகலைப் போல இருக்கிறதே என்று தோன்றுகிறது.

இந்த ஐரிஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பாட்டிலின் குணமே அதில்தான் இருக்கிறது. பூவிலிருந்து எடுப்பதில்லை, மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து எடுக்கிறார்கள். இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் விளைவது பேர் பெற்றது. மூன்று வருடம் போலச் செடி வளர வேண்டும். தோண்டியெடுத்த பச்சைக் கிழங்கில் பச்சை உருளைக்கிழங்கு வாசம்தான் வரும். தோல் சீவி, உலர்த்தி, இன்னும் இரண்டு மூன்று வருடமாவது சும்மா வைத்திருந்தால்தான் ஐரோன் என்ற மணப்பொருள் உள்ளே மெல்ல உருவாகும். ஒரு டன் கிழங்கிலிருந்து கிடைக்கும் ‘ஐரிஸ் வெண்ணெய்’ இரண்டு கிலோ அளவுதான். சீவிய கேரட்டையும் கஞ்சி போட்ட பருத்தித் துணியையும் சேர்த்து முகர்ந்தால் எப்படியோ, கிட்டத்தட்ட அப்படி: ஈரமில்லாத, குளிர்ந்த, மிருதுவான மணம்.

அதற்காக உங்கள் பாட்டில் முழுக்க அந்த வெண்ணெய்தான் என்று எண்ண வேண்டாம். அசல் ஐரிஸ் இருந்தாலும் சொற்பமாகத்தான் இருக்கும். விலையில் பெரும்பங்கு பாட்டிலுக்கும் விளம்பரத்துக்கும் கடைக்கும் போகிறது. மீதி வேலையைச் செய்வது ஆய்வுக்கூடச் சரக்கு. அது மட்டம் என்று சொல்ல மாட்டேன். 1893-இல் அயனோன் என்ற வேதிப்பொருளைச் செய்யக் கற்றுக்கொண்டதால்தான் வயலட் பூவின் மணம் சாதாரணக் கைகளுக்கும் எட்டியது. அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹீலியோட்ரோபின் வந்தது. வனிலாவும் பாதாமும் கலந்த மாவு வாசனை அதுதான். அதன் இன்னொரு பெயர் பைபரோனல். மிளகின் காரத்தைத் தரும் பைபரினிலிருந்து அதை முதலில் எடுத்ததால் அந்தப் பெயர். பாட்டியின் பவுடர் மணத்தில் மிளகுக் கொடிக்கு ஒரு பங்கு உண்டு என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம் தரும் செய்தி. வயலட், ஹீலியோட்ரோபின், ரோஜா, அடியில் மஸ்க் எனும் கஸ்தூரி மணம் என்ற இந்தச் சேர்மானத்தில் 1912-இல் பிரெஞ்சு சென்ட் நிறுவனமான கெர்லான் செய்த ‘லெர் ப்ளூ’ இன்றும் விற்பனையில் இருக்கிறது. 2000-இல் வந்த ‘ஃப்ளவர் பை கென்ஸோ’வும் இதே வம்சம். அதன் பாட்டிலில் இருக்கும் சிவப்பு பாப்பிப் பூவுக்கு வாசனையே கிடையாது. உள்ளே இருப்பதெல்லாம் கற்பனையில் கட்டிய பூ.

இப்போது பத்தரை மணிக்கு வருவோம். அயனோனுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. சில நிமிடம் முகர்ந்ததும் மூக்கு அதற்கு மரத்துப்போகும். கொஞ்ச நேரம் விலகி இருந்தால் மறுபடி தெரியும். மஸ்க்கின் சங்கதி வேறு. அதன் மூலக்கூறுகள் பெரியவை, மெதுவாகக் கிளம்புபவை, நாள் முழுக்கத் தோலில் தங்குபவை. சில மஸ்க் வகைகள் சிலருடைய மூக்குக்குப் பிறவியிலேயே எட்டுவதில்லை. பவுடரி சென்ட்டுக்கு முதுகெலும்பே இந்த இரண்டும்தான். அதனால்தான் போட்டுக்கொண்டவருக்கு ஒன்றுமில்லை, ஏ.சி. அறையில் ஜன்னல் திறக்க வழியில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு எல்லாமும். ‘போய்விட்டது’ என்று மதியம் இன்னொரு முறை அடிப்பவர்கள்தான் இந்த வகைக்கே கெட்ட பெயர் வாங்கித் தருகிறார்கள். இரண்டாகக் குறைத்தும் தோழிக்குத் தலை வலித்தால் ஆபீஸுக்கு அதைப் போடவே போடாதீர்கள். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு வலியைக் கிளப்ப ஒரு சொட்டே போதும்.

நம்மிடம் ஜவ்வாது இருக்கிறது. அதுவும் பவுடர்தான், அதுவும் பூவும் சந்தனமும்தான். அதை யாராவது கைநிறைய அள்ளிப் பூசுவார்களா? விரல் நுனியில் தொட்டு வைப்பதோடு சரி. அதே அளவறிவை இந்தப் பாட்டிலுக்கும் கொடுங்கள்.

எப்படி, எங்கே என்று கேட்டால்: குளித்து, உடம்பு நன்றாக உலர்ந்து, மின்விசிறிக்குக் கீழே ஐந்து நிமிடம் நின்ற பிறகு. ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மார்பில் ஒன்று, முழங்கை மடிப்பில் ஒன்று. காய்ந்த பிறகு உடை. கழுத்தைத் தவிர்த்துவிடுங்கள், சித்திரை, வைகாசியில் முதலில் வியர்ப்பது அங்கேதான், வியர்வையோடு ஹீலியோட்ரோபின் சேர்ந்தால் கெட்டுப்போன பால்கோவா போலாகிவிடும். மணிக்கட்டில் அடித்துத் தேய்க்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள், முதலில் எழும் மேல்மணம் சூட்டில் சீக்கிரம் பறந்துவிடும். தோல் வறண்டிருந்தால் மணமில்லாத க்ரீம் ஒரு பொட்டு முதலில் தடவலாம். மேலே சந்தனப் பவுடர் போடாதீர்கள். மடிப்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் ஓ.எம்.ஆர். போகிறவர் என்றால் வீட்டில் அடிப்பதே வீண். ஐந்து மில்லி சிறு புட்டியில் ஊற்றி எடுத்துப் போய், முகம் கழுவி உடம்பு ஆறியபின் போட்டுக்கொள்ளுங்கள். சீட்டில் உட்கார்ந்து அடிக்க வேண்டாம்.

பட்டில் அடிக்கவே கூடாது. ஆல்கஹால் கறை போகாது, ஜரிகை கறுக்கும். வனிலா மணம் தரும் வனிலின் கலந்த சென்ட் வெள்ளைப் பருத்தியில் நாளடைவில் மஞ்சள் திட்டு விடும். பாட்டிலில் இருக்கும் திரவமே பழுப்பாக மாறினாலும் அதற்கு வனிலின் காரணமாக இருக்கலாம். நிறத்தைப் பார்த்துக் கொட்டிவிடாதீர்கள், முகர்ந்து பாருங்கள். புளித்த, வார்னிஷ் போன்ற நெடி வந்தால்தான் கெட்டது. பாத்ரூம் அலமாரியும் ஸ்கூட்டர் டிக்கியும் அதற்கு எமன். அட்டைப் பெட்டியோடு பீரோவில் வையுங்கள், பாச்சை உருண்டை இல்லாத தட்டில்.

தலையில் மல்லிகை வைக்கும் நாளில் ஒரே அடி போதும். மல்லி தானே கனமான பூ. இனிப்புப் பவுடர் மணம் கூடச் சேர்ந்தால் கல்யாண மண்டப நெரிசலில் மூச்சு முட்டும்.

அடுத்த முறை நீங்களே வாங்கப் போனால் ஒன்றைக் கவனியுங்கள். பவுடரி என்ற ஒரே பெயரில் இரண்டு சாதி இருக்கிறது. விவரத்தில் ஹீலியோட்ரோப், டோங்கா என்ற கொட்டை, வனிலா, பாதாம் என்று இருந்தால் இனிப்பு. ஐரிஸ், வயலட் இலை, வெட்டிவேர் என்று இருந்தால் உலர்ந்தது. சென்னைக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். 1970-களின் தொடக்கத்தில் வந்த ‘ஷனெல் நம்பர் 19’ அதற்கு நல்ல உதாரணம். ஐரிஸோடு பச்சை இலையும் வெட்டிவேரும் சேர்ந்து வெயிலிலும் நிமிர்ந்து நிற்கும். கடையில் காகிதத்தில் முகர்ந்து முடிவு செய்யாதீர்கள். கையில் அடித்து, வெளியே வெயிலில் நடந்து, நாலு மணி நேரம் கழித்து மீந்திருப்பது பிடித்தால் மட்டும் பணத்தைக் கொடுங்கள். ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் முகர வேண்டாம். நடுவில் காபிக் கொட்டையை நீட்டுவார்கள். அதைவிட உங்கள் உடைத் துணியை முகர்ந்தாலே மூக்கு தெளியும்.

உங்களிடம் இருப்பது இனிப்புச் சாதியாக இருந்தால் வருத்தப்பட வேண்டியதில்லை. மார்கழி வரை பீரோவில் இருக்கட்டும். டிசம்பர் சாயங்காலத்தில், குளிரூட்டிய சபாவில், இரண்டே அடியோடு போய் உட்காருங்கள். துவைத்து மடித்த துணி போல, யாரோ இப்போதுதான் முகம் கழுவிப் பொட்டு வைத்து வந்தது போல, அருகில் வருபவருக்கு மட்டும் தெரியும் மணம் அது. கடைக்காரர் ‘நளினம்’ என்று சொன்னது இதைத்தான்; ஐந்து அடியில் அது வெளியே வர வழியே இல்லை.