இம்ப்ளான்ட் ஸ்க்ரூ சொரசொரப்பா இருக்கறதுக்கு கூட 15,000 ரூபாயா?

கேள்வி: மேல் கடைவாய்ப் பல் ஒன்னு எடுத்தாச்சு. எலும்புல ஸ்க்ரூ வச்சு அது மேல பல் கட்டற இம்ப்ளான்ட் போடலாம்னு போனா டாக்டர் ரெண்டு காட்றார், ஒன்னு நேரா உருளையா இருக்கு, இன்னொன்னு நுனி கூம்பி மரை ஆழமா இருக்கு, "சர்ஃபேஸ் ட்ரீட்மென்ட் பண்ணது"ன்னு 15,000 கூட சொல்றார். வயசு 52, சுகர் இல்ல. இது நிஜமா, வியாபாரமா?

பதில்: ரெண்டும் கலந்து இருக்குங்க. ஷேப்பும் சர்ஃபேஸும் தனித்தனி வேலை செய்யுது, அதை ஒன்னாக் கட்டி ஒரே விலையா சொல்றதாலதான் குழப்பமே.

ஷேப் முதல் நாளுக்கு. மேல் கடைவாய் எலும்பு பெரும்பாலும் பஞ்சு மாதிரி, ட்ரில் வச்சா ரஸ்க்குல இறங்கற மாதிரி இறங்கிடும், அதுல நேர் ஸ்க்ரூவை போட்டா பிடிமானம் சுமார்தான். கூம்பினது ஆப்பு மாதிரி, உள்ள போகப்போக சுத்தி இருக்கற எலும்பை நெருக்கி இறுகும், நாங்களும் ஓட்டையை ஒரு சைஸ் சின்னதாவே போடுவோம். டார்க் ரென்ச்னு, எவ்வளவு விசையில இறுகுதுன்னு காட்டற ஸ்பானர் இருக்கு, அதுல 35 நியூட்டன் சென்டிமீட்டர் வந்தா எனக்கு நிம்மதி. ரொம்ப இறுக்கினா எலும்பு நசுங்கி அதுவும் கெடுதல்தான்.

சர்ஃபேஸ் அப்புறம் வர்ற வாரங்களுக்கு. முதல் நாள் பிடிச்ச பழைய எலும்பை உடம்பு கரைச்சுட்டு புதுசு போடும், அந்த 3, 4 வாரத்துல பிடிமானம் இறங்கித்தான் ஏறும். அப்ப ஸ்க்ரூ 150 மைக்ரானுக்கு மேல ஆடினா, அதாவது ரெண்டு முடி தடிமன்னு வச்சுக்கங்க, எலும்பு ஒட்டாம நார்த் திசுதான் வளரும். மணல் மாதிரி துகளை அடிச்சு, ஆசிட்ல அரிச்சு 1லேருந்து 2 மைக்ரான் மேடுபள்ளம் பண்ணியிருந்தா ரத்தக் கட்டு அதுல நல்லா பிடிச்சுக்கும், எலும்பு செல் ஸ்க்ரூ மேலயே புது எலும்பு போட ஆரம்பிக்கும், அந்த இறக்கம் சீக்கிரம் முடியும். அதுக்காக சொரசொரப்பு ஏற ஏற நல்லதுன்னும் இல்ல, உருக்கின டைட்டானியத்தை தெளிச்சு பூசற பழைய பிளாஸ்மா ஸ்ப்ரே டைப் ரொம்ப கரடு, ஈறு இறங்கி அது வெளிய தெரிஞ்சா கிருமி குடியேறி சுத்தமே பண்ண முடியாது.

வழவழன்னு இருந்தா நிக்காதான்னா, நிக்கும். ஸ்வீடன்ல இந்த டைட்டானியம் இம்ப்ளான்ட்டைக் கொண்டு வந்த டாக்டர் பிரோனமார்க் 1965ல முதல் பேஷன்ட்டுக்கு போட்டது வெறும் லேத்ல கடைஞ்ச டைட்டானியம்தான், அந்த பேஷன்ட் 2006ல இறக்கற வரைக்கும் வாயில இருந்துச்சு. ஆனா அது கெட்டியான கீழ்த்தாடை, அந்தக் காலத்துல கீழ 3 மாசம், மேல 6 மாசம் காத்திருப்பாங்க.

உங்க எலும்புக்கு கூம்பினதே சரி, நான் அதைத்தான் போடுவேன். ஆனா இப்ப மார்க்கெட்ல வர்றது அநேகமா எல்லாமே சொரசொரப்பு பண்ணதுதான், டாக்டர் காட்டின அந்த கம்மி விலை ஸ்க்ரூவும் அப்படித்தான் இருக்கும், டப்பா லேபிளை வாங்கிப் பாருங்க. அதனால "சர்ஃபேஸுக்கு"ன்னு தனியா 15,000ன்னா, கம்பெனி பேருக்கு குடுக்கறீங்களான்னு நேராவே கேளுங்க. கம்பெனி பழசா, பத்து வருஷம் கழிச்சு பார்ட்ஸ் கிடைக்குமா, இதுக்கு வேணா கூட குடுக்கலாம்.

போட்ட அன்னிக்கு இறுக்கின டார்க் எவ்வளவுன்னு எழுதி வாங்கிக்கங்க, மேல பல் கேப் மாட்டறதுக்கு முன்னாடி ஸ்க்ரூ எவ்வளவு உறுதியா நிக்குதுன்னு அளக்கற ஐ.எஸ்.க்யூ மீட்டர் இருந்தா வச்சு பார்க்க சொல்லுங்க, 70 தாண்டினா தைரியமா போடலாம். வலி இல்லையேன்னு மூணாவது வாரமே அந்தப் பக்கம் முறுக்கு கடிச்சுடாதீங்க, சிகரெட் பழக்கம் இருந்தா அதை மறைக்காம டாக்டர்ட்ட சொல்லிடுங்க.