தாத்தாவின் பாய்லர் அறை

அன்புள்ள ஐயா,

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். என் தாத்தா கடற்படையில் என்ஜினியரிங் பிரிவு அதிகாரி. 1971 போரின்போது ஐ.என்.எஸ். ராஜ்புத் நாசகாரிக் கப்பலில் இருந்தார். எது கேட்டாலும் "டியூட்டி பார்த்தோம், அவ்வளவுதான்" என்பார். அவருடைய போர் வரலாற்றை எழுதத் தொடங்கி, முதல் மூன்று பக்கங்களை இணைத்திருக்கிறேன். பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கியை மூழ்கடித்தது ராஜ்புத்தான் என்று எப்படி நிறுவுவது? தமிழில் எழுதலாமா, ஆங்கிலத்திலா?

ச.

அன்புள்ள ச.,

மானெக்‌ஷா என்ற 1971 போரின் ராணுவத் தளபதி வாழ்ந்த ஊர் என்பதால் குன்னூர்ப் பக்கம் போர் என்றாலே ராணுவம்தான். மலைமேல் வந்து ஒதுங்கிய கடற்படைக்காரர்களை யாரும் விசாரிப்பதில்லை. இது சில நாளாகவே மனதை அரித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

மூன்று பக்கத்தையும் படித்தேன். ராஜ்புத் 1942இல் பிரிட்டனில் நீரில் இறங்கியது, 1949இல் நமக்கு வந்தது, டிசம்பர் 3 நள்ளிரவில் விசாகப்பட்டினத்தில் டெப்த் சார்ஜ் (நீர்மூழ்கியைத் தாக்கக் கடலுக்குள் போடும் வெடி) போட்டது, எல்லாம் இருக்கிறது. தாத்தாவைத்தான் காணோம். எண்பதைத் தாண்டிய மனிதர் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்க, நீங்கள் கூகுளிடம் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

காஸி விஷயம் ஐம்பது வருட வழக்கு. ராஜ்புத்தின் வெடிகள் என்று நாம் சொல்கிறோம், காஸி வைத்த கண்ணிவெடியே வெடித்தது என்று அவர்கள் சொல்கிறார்கள். நீங்கள் தீர்ப்பு எழுத வேண்டாம். எந்த மொழி என்றால், அவர் உங்களிடம் பேசுகிற மொழி. சரி, அதை விடுங்கள்.

பாய்லருக்கு வருகிறேன். கப்பலை ஓட்டும் நீராவி அதில்தான் உருவாகும். அந்தப் போரில் விக்ராந்தின் பாய்லர் ஒன்றில் விரிசல். விமானந்தாங்கிக் கப்பலால் முழு வேகத்தில் ஓட முடியாது. அதை அந்தமான் பக்கம் மறைத்துவிட்டு, பாகிஸ்தானை ஏமாற்ற விசாகப்பட்டினத்தில் ராஜ்புத்தை விக்ராந்த் போல வயர்லெஸ்ஸில் பேச வைத்தார்கள். பாய்லர் போரில் எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். ஆனால் அதோடு மல்லுக்கட்டியவர்கள் எந்தக் கதையிலும் வருவதில்லை. கப்பலை நடத்தும் மேல்தளத்தில் பைனாகுலரோடு நிற்பவர்தான் வருகிறார்.

குன்னூரில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். பழைய நாசகாரி ஒன்றில் வேலை பார்த்தவர். கண்ணாடி அடைத்த வராந்தா அவர் வீட்டுக்கு. வெளிக்கதவைச் சாத்தித் தாழ் போட்ட பிறகுதான் உள்கதவைத் திறப்பார். கையில் காய்கறிப் பை கனத்தாலும் அப்படித்தான். குளிருக்காக என்று தெருவே நினைத்தது. பள்ளிக்கூடப் பையனாக ஒருநாள் கேட்டுவிட்டேன். படியில் உட்கார வைத்துச் சொன்னார். அந்தக் காலத்துக் கப்பலின் பாய்லர் அறைக்குள் விசிறி வைத்துக் காற்றை அழுத்தி நிரப்புவார்களாம். நுழைய இரண்டு கதவு. இரண்டும் ஒரே நேரத்தில் திறந்தால் அழுத்தம் இறங்கி, அடுப்பின் தீ ஆட்கள்மேல் பாயும். டெப்த் சார்ஜ் வெடிக்கும்போது கீழே இரும்பு முழுக்கச் சம்மட்டி அடி மாதிரி அதிருமாம். நம்முடையதா, நம்மேல் விழுந்ததா என்று தெரியாது. தெரியாமலே கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். விளக்கு வைக்கிற நேரம் வரை பேசினார். அவர் வீட்டு அம்மாவும் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார்களாம்.

உங்கள் தாத்தா பேசாதவர் இல்லை தம்பி. "எத்தனை கப்பலை அடிச்சீங்க" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? வாட்ச் என்கிற பணிமுறை எத்தனை மணிக்கு மாறும், அந்தச் சூட்டில் என்ன குடித்தீர்கள், கை சுட்டதா, மேலே என்ன நடக்கிறது என்று யார் வந்து சொன்னார்கள் என்று கேளுங்கள். அப்புறம், அவர்கூட இருந்த மாலுமிகளின் பெயரையும் கேளுங்கள். அதிகாரிகளுக்கு அந்தப் பெயர்கள் மறக்காது.

இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்காருங்கள். அவர் சொன்னதை எழுதி அனுப்புங்கள், ஒரு பக்கம் போதும். காஸி பற்றிய அந்த மூன்று பக்கத்தை மறுபடி அனுப்ப வேண்டாம்.