கேளுங்கள், சொல்கிறோம்: மும்பைக்குப் புதுசா?

வேலை கிடைத்து மும்பை போகிறேன். லோக்கல் ரயிலைப் பற்றிக் கேள்விப்படுவதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. முதல் தடவை ஏறுகிறவர் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?
– வாசகர், தென்காசி

நேரத்தையும் திசையையும் பார்த்து ஏறினால் பாதி பயம் போய்விடும். காலை 8 முதல் 11 வரை கூட்டம் தெற்கே, சர்ச்கேட், சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) முனையங்கள் பக்கம் பாயும். மாலை 5 முதல் 9 வரை அதே கூட்டம் வடக்கே திரும்பும். எதிர்த்திசை வண்டியில் அந்த நேரத்திலும் மூச்சுவிட்டு நிற்கலாம். முதல் பயணத்தைப் பகல் 12 மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான தடங்கள் மூன்று. மேற்கு: சர்ச்கேட்டிலிருந்து விரார் பக்கம். மத்திய: சிஎஸ்எம்டியிலிருந்து தாணே, கல்யாண். ஹார்பர்: சிஎஸ்எம்டியிலிருந்து பன்வேல். மேற்குக்கும் மத்தியத்துக்கும் மாற தாதர்தான் பெரிய சந்திப்பு.

நடைமேடைப் பலகையில் நேரத்தோடு ஊர்ப்பெயரின் சுருக்கம், 'எஃப்' அல்லது 'எஸ்', 12 அல்லது 15 என்று பெட்டி எண்ணிக்கை இருக்கும். புதியவர்கள் கோட்டைவிடுவது அந்த ஒற்றை எழுத்தில்தான். 'எஸ்' என்றால் ஸ்லோ, 'எஃப்' என்றால் ஃபாஸ்ட். சின்ன நிலையங்களில் நிற்காது. சிஎஸ்எம்டியிலிருந்து மாட்டுங்காவுக்கோ சயானுக்கோ போகிறவர் ஃபாஸ்டில் ஏறி, தாதரில் இறங்காமல் விட்டால் குர்லாதான். இன்னொன்று: மாட்டுங்கா மத்தியத் தடத்தில், மாட்டுங்கா ரோடு மேற்குத் தடத்தில். இரண்டும் வேறு வேறு நிலையங்கள்.

ஒரு பெட்டியில் மட்டும் கூட்டம் குறைவாகத் தெரிந்தால் சந்தோஷப்படாதீர்கள். அது முதல் வகுப்பாகவோ மகளிர் பெட்டியாகவோ மாற்றுத்திறனாளிகள் பெட்டியாகவோ இருக்கும். வெளியே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஏறுங்கள். இரண்டாம் வகுப்பு டிக்கெட்டோடு முதல் வகுப்பில் பிடிபட்டால் கட்டண வித்தியாசத்தோடு அபராதமும் உண்டு. இத்தனைக்கும் இரண்டாம் வகுப்பின் குறைந்தபட்சக் கட்டணம் வெறும் 5 ரூபாய். செயலியில் எடுப்பதானால் நிலையத்துக்குள் நுழையும் முன்பே எடுத்துவிடுங்கள். தண்டவாளத்துக்கு அருகில் போய்விட்டால் அது டிக்கெட் தராது.

ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். வண்டி அரை நிமிடம்கூட நிற்காது. அதனால் ஒரு நிலையம் முன்னதாகவே வாசலை நோக்கி நகர வேண்டும். முன்னால் நிற்பவரிடம் "தாதர் உதர்னா ஹை?" (தாதரில் இறங்கணுமா?) என்று கேளுங்கள். ஆமென்றால் அவர் பின்னாலேயே நில்லுங்கள், இல்லையென்றால் அவரே ஒதுங்கி வழிவிடுவார். நடைமேடை எந்தப் பக்கம் வரும் என்பதையும் அப்போதே கேட்டு வையுங்கள். தவறான வாசலில் நின்றால் அந்தக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு மறுபக்கம் போக முடியாது.

மாலையில் விரார் ஃபாஸ்டில் ஏறி அந்தேரியிலோ போரிவலியிலோ இறங்க நினைக்காதீர்கள். தூரத்து ஆட்கள் வாசலை அடைத்து நிற்பார்கள், திட்டும் கிடைக்கும். உங்கள் ஊரோடு முடிகிற வண்டியே நல்லது. பையை முதுகில் போடாமல் மார்பில் மாட்டுங்கள். வாசலில் நின்று போன் பார்க்க வேண்டாம்; தண்டவாள ஓரத்திலிருந்து கம்பால் கையில் அடித்துப் போனைத் தட்டிவிட்டுப் பொறுக்கிக்கொள்ளும் கும்பல்கள் உண்டு.

மூன்று பேர் இருக்கையில் நான்காவதாக ஓரம் உட்காருவது அங்கே எழுதாத சட்டம். "தோடா சரக்னா" என்றால் நகர்ந்து கொடுப்பார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை.

வழி கேட்டால் யாரும் நின்று பதில் சொல்வதில்லை. இவ்வளவு கடுகடுப்பா?
– வாசகி, திருச்சி

கடுகடுப்பு இல்லை, அவசரம். கூடவே நடந்துகொண்டு கேட்டுப் பாருங்கள், தெளிவாகவே சொல்வார்கள். படிக்கட்டு நடுவிலும் நடைமேம்பாலத்திலும் மட்டும் நின்றுவிடாதீர்கள். முகவரி கேட்கும்போது நிலையத்தின் பெயரோடு தண்டவாளத்துக்குக் கிழக்கா மேற்கா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தேரி ஈஸ்ட் போக வேண்டியவர் வெஸ்டில் இறங்கி ஆட்டோ பிடித்தால், பாலம் சுற்றி வருவதற்கே மீட்டர் எகிறிவிடும்.

ஆட்டோ, டாக்ஸி, பஸ்?
– வாசகர், மதுரை

நம்மூர் மாதிரி பேரம் தேவையில்லை, மீட்டர்தான். 2025 பிப்ரவரியிலிருந்து, முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு ஆட்டோ 26 ரூபாய், கருப்பு மஞ்சள் டாக்ஸி 31 ரூபாய். நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை கால் பங்கு கூடுதல். தென் மும்பைக்குள் ஆட்டோவுக்கு அனுமதி கிடையாது. பாந்த்ரா, சயான் பக்கத்தோடு சரி. தாதரில் நின்று ஆட்டோ தேடுவது வீண்.

வெளியூர் ரயில் முனையங்களின் வாசலில் மொய்ப்பவர்கள் மட்டும் மொத்தமாக ஒரு தொகை சொல்வார்கள். எல்டிடி எனும் லோகமான்ய திலக் முனையத்தில் இறங்கினால் பெட்டி கனமில்லாதவர்கள் நடந்தே திலக் நகர் நிலையம் போய் ஹார்பர் வண்டியைப் பிடிக்கலாம். விமான நிலையத்திலிருந்து தெற்கே போக 3ஆம் எண் மெட்ரோ இருக்கிறது. 2025 அக்டோபரிலிருந்து கஃப் பரேட் வரை ஓடுகிறது.

மும்பையின் நகரப் பஸ்களான பெஸ்ட் பஸ்களில் முகப்பு எண் தேவநாகரியில் இருக்கும். அதில் ஒன்றாம் எண் நமக்கு 9 போலவும், நான்காம் எண் 8 போலவும் தெரியும். பக்கவாட்டில், வாசலுக்கு அருகே, நமக்குத் தெரிந்த எண்களில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

ஜூலையில் போகலாமா?
– வாசகி, நாகர்கோவில்

வேலையிருந்தால் போய்த்தான் ஆக வேண்டும். சுற்றிப் பார்க்க என்றால் நவம்பருக்குப் பிறகு வையுங்கள். மழை மட்டுமே பிரச்சினை இல்லை. கடல் ஏற்றம் நாலரை மீட்டரைத் தாண்டும் நேரத்தில் கனமழையும் கொட்டினால் வடிகால் நீர் கடலுக்குள் போக வழியின்றித் தேங்கும்; குர்லா, சயான் பகுதித் தண்டவாளங்கள் முழுகும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தபோதும் கடல் ஏற்றம் சேர்ந்துகொண்டது. ஏற்ற நேரங்களை மாநகராட்சி முன்கூட்டியே வெளியிடும், செய்தித்தாளிலும் வரும். அந்த மணிகளில் வெளியே கிளம்பாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் பராமரிப்புக்காகப் பகலில் சில தடங்களை நிறுத்தும் 'மெகா பிளாக்' அறிவிப்பையும் முதல் நாளே பார்த்துவிடுங்கள்.