திரி மிஷினும் திரும்ப வாங்கும் ஒப்பந்தமும்

ஐயா, வணக்கம்.

வீட்டிலிருந்தே ஏதாவது செய்ய வேண்டும் என்று என் மனைவி ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். யூடியூபில் பார்த்து விளக்குத் திரி மிஷின் ஒன்றை முடிவு செய்திருக்கிறோம். மிஷின் 48,000 ரூபாய், டெபாசிட் 15,000. பஞ்சைக் கிலோ 300-க்கு அவர்களே தருகிறார்கள், திரியை 650-க்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். தினம் மூன்று கிலோ போடலாம், மாதம் 25,000-க்குக் குறையாது என்கிறார்கள். கோவையில் அவர்கள் ஆபீசுக்கே போய் வந்தோம். ஜிஎஸ்டி, உத்யம், ஐஎஸ்ஓ எல்லாம் சுவரில் மாட்டியிருக்கிறது. முத்திரைத்தாளில் மூன்று வருட ஒப்பந்தம் தருகிறார்கள். இந்த வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால் 5,000 தள்ளுபடி. நம்பிக் கட்டலாமா?

இன்னொன்று. என் தங்கை டேட்டா என்ட்ரி வேலை எடுத்து, முடிக்க முடியாமல் விட்டுவிட்டாள். 6,800 ரூபாய் கட்டாவிட்டால் கோர்ட் கேஸ் என்று வாட்ஸாப்பில் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. பயந்துபோயிருக்கிறாள்.

எஸ்., திண்டுக்கல் மாவட்டம்

அன்புள்ள எஸ்.,

வெள்ளிக்கிழமை கட்ட வேண்டாம். அந்தத் தள்ளுபடி அடுத்த வெள்ளிக்கிழமையும் இருக்கும்.

அவர்கள் சொன்ன கணக்கில் பஞ்சு விலை இருக்கிறது, உங்கள் லாபம் இருக்கிறது. உங்களிடம் 650-க்கு எடுக்கும் திரியை அவர்கள் யாருக்கு, என்ன விலைக்கு விற்கிறார்கள் என்பது மட்டும் இல்லை. இதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். பூஜை சாமான் மொத்தக் கடைக்குப் போய் அதே ரகத் திரி பத்துப் பாக்கெட் வாங்குங்கள். கவரைப் பிரித்துத் திரியை மட்டும் தராசில் வைத்து, கிலோ என்ன விலை என்று பாருங்கள். அதிலிருந்து கடைக்காரர் லாபம், கவர், அட்டை, லாரி வாடகை எல்லாவற்றையும் கழியுங்கள். மிச்சம் 650-க்கு மேல் நின்றால் அங்கே வியாபாரம் இருக்கிறது. கீழே போனால், கிலோவுக்குக் கிலோ நஷ்டப்பட்டு உங்களிடம் வாங்குகிறார்கள். அந்த நஷ்டத்தை அடுத்து மிஷின் வாங்க வருகிறவர் பணம்தான் அடைக்க வேண்டும். பெருந்துறை ஈமு பண்ணைகள் 2012-இல் இப்படித்தான் கவிழ்ந்தன. ஈமு கறிக்குச் சொல்லிக்கொள்ளும்படி சந்தையே இல்லை; குஞ்சு வாங்கப் புது ஆள் வந்தவரை பழைய ஆளுக்கு மாதப் பணம் போய்க்கொண்டிருந்தது.

அடுத்து மிஷின் விலை. கோவையிலேயே வேறு இரண்டு இடங்களில், ஒப்பந்தம் எதுவும் வேண்டாம், மிஷின் மட்டும் என்ன விலை என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதற்கும் 48,000-க்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ, அவ்வளவுக்குத்தான் உங்களுக்கு அந்த 'திரும்ப வாங்குவோம்' என்ற வாக்குறுதியை விற்கிறார்கள்.

தினம் மூன்று கிலோ என்பதையும் பிரித்துப் பாருங்கள். நூறு திரி 30 கிராம் என்று வைத்துக்கொண்டால் மூன்று கிலோவுக்குப் பத்தாயிரம் திரி. எட்டு மணி நேரத்தில் முடிக்க, மூன்று வினாடிக்கு ஒன்றுக்கு மேல் விழ வேண்டும். சமையல், குழந்தை, மின்வெட்டு, அறுந்த பஞ்சைத் திரும்பக் கோப்பது எதற்கும் நேரம் கிடையாது. ஆபீசில் ஓட்டிக் காட்டுகிறவர் கை பழகியவர். ஐந்து நிமிடம்தான் ஓட்டுவார். உங்கள் மனைவியை ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லி, விழுந்ததை எடை போடுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் விஷயம் முடிந்தது.

இந்த வகை ஒப்பந்தங்கள் முதல் மாதத்திலேயே உடைவதில்லை. முதல் இரண்டு லாட்டுக்குப் பணம் சரியாக வரும். அதை நம்பி நீங்கள் நாத்தனாரையும் பக்கத்து வீட்டையும் சேர்த்துவிடுவீர்கள். மூன்றாவது லாட்டில் திரி நீளம் சீராக இல்லை, ஈரம் ஏறியிருக்கிறது, எடை குறைகிறது என்று கழிப்பார்கள். பிறகு பஞ்சு ஸ்டாக் இல்லை என்பார்கள். பஞ்சு வராவிட்டால் திரி இல்லை, திரி இல்லாவிட்டால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள், டெபாசிட் போய்விடும். இதற்கான வரி ஒப்பந்தத்திலேயே இருக்கும். 'தரம் குறித்து நிறுவனத்தின் முடிவே இறுதியானது' என்று ஒரு வரி இருந்தால், மூன்று வருடம் என்று மேலே போட்டிருப்பதற்கு மதிப்பில்லை. மாதத்துக்குக் குறைந்தது இத்தனை கிலோ பஞ்சு தருவோம், இத்தனை நாளில் பணம் தருவோம், தவறினால் மிஷினை இந்த விலைக்குத் திரும்ப எடுப்போம் என்ற மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். முத்திரைத்தாள் என்பது கட்டணம் கட்டிய தாள். அரசு பின்னால் நிற்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை.

சுவரில் மாட்டியவை? உத்யம் என்ற சிறுதொழில் பதிவு இலவசம், சுய அறிவிப்பின் பேரில் கிடைப்பது. யாரும் வந்து ஆய்வு செய்து தருவதில்லை. ஐஎஸ்ஓவை விட்டுத் தள்ளுங்கள். ஜிஎஸ்டி எண் மட்டும் உதவும். 15 இலக்கம், தமிழ்நாடு என்றால் 33-இல் தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பதிவான பெயர், முகவரி, பதிவு நாள், வரி ரிட்டர்ன் ஒழுங்காகப் போடுகிறார்களா என்பதெல்லாம் தெரியும். பதிவே எட்டு மாதம் முன்புதான் என்றால் மூன்று வருட வாக்குறுதியை அதோடு சேர்த்துப் படியுங்கள். ஜிஎஸ்டியில் உள்ள பெயர், ஒப்பந்தத்தில் உள்ள பெயர், நீங்கள் பணம் போடும் வங்கிக் கணக்கின் பெயர் மூன்றும் ஒன்றா என்றும் பாருங்கள். மிஷின் பில் ஒரு பெயரில், ஒப்பந்தம் வேறு பெயரில் இருப்பது நல்லதற்கல்ல.

அவர்கள் கைகாட்டும் 'சாதித்த பெண்மணி'யிடம் பேசிப் பயனில்லை. ஆள் சேர்த்தால் அவருக்கும் கமிஷன் இருக்கலாம். ஒரு வருடம் முடித்த இருவரைக் கேளுங்கள். ஜிபே ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், பாஸ்புக் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

நம் ஊரில் வீட்டு வேலை புதிதல்ல. பீடிக்கு இலையும் தூளும் கம்பெனி தருகிறது, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. அங்கும் கழிவு உண்டு, சுரண்டல் உண்டு. ஆனால் சுற்றுகிறவரிடம் அரை லட்சம் முன்பணம் கேட்பதில்லை. உங்கள் திரிக்கு உண்மையிலேயே கிராக்கி இருந்தால் இவர்களிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "மிஷினை நீங்களே போடுங்கள், அதன் விலையை எங்கள் திரிப் பணத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்ளுங்கள்." பாதிப் பணத்துக்காவது சம்மதிக்கிறார்களா பாருங்கள்.

ஏற்கெனவே கட்டி மாட்டிக்கொண்டவர்கள் இதைப் படித்தால்: 'வியாபாரத்துக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோர் இல்லை' என்று மிரட்டுவார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியவரும் நுகர்வோர்தான். கோவை நீதிமன்றத்துக்கே வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் மனு போடச் சட்டம் இடம் தருகிறது. நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் ஸ்பீட் போஸ்டில் பணத்தைக் கேட்டு ஒரு கடிதம் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். டெபாசிட்டுக்கு மாத வருமானம் என்று சொல்லிப் பலரிடம் வாங்கியிருந்தால் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போகலாம். முதலீட்டாளர்களுக்கான 1997 தமிழ்நாடு சட்டம் அதற்குத்தான்.

தங்கையிடம் ஒரு பைசா கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த வேலையே முடிக்க முடியாதபடி அமைத்தது: மங்கலான படங்கள், ஐந்தாறு நாள் கெடு, 98 சதவீதம் பிழையின்றி இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, பிழையை எண்ணுகிறவரும் அவர்களே. டைப் செய்து முடிக்காததற்காகப் போலீஸ் யாரையும் கைது செய்யாது. வக்கீல் நோட்டீஸ் என்பது நிஜமாகவே இருந்தாலும் ஒரு கடிதம்தான். கோர்ட் உத்தரவு அல்ல. ஒப்பந்தத்தில் அபராதத் தொகை எழுதியிருப்பதாலேயே முழுத் தொகையும் கிடைத்துவிடாது; இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டை மட்டும்தான் அனுமதிக்கிறது. 6,800 கட்டினால் அடுத்து என்ஓசி (தடையில்லாச் சான்று) கட்டணம், கேஸ் வாபஸ் கட்டணம் என்று வரும். வந்த செய்திகள், எண்கள், கையெழுத்திட்ட தாள் எதையும் அழிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் எண் வாங்கச் சொல்லுங்கள். ஆதார் நகல் கொடுத்திருந்தால் ஆதார் இணையதளத்தில் பயோமெட்ரிக்கைப் பூட்டிவிட்டு, அவர்களை பிளாக் செய்யட்டும்.