மதுரை வயலுக்கும் மண்டபம் கடல்பாசிக்கும் என்ன தொடர்பு?

மண்ணைச் சக்கையாக்காமல் ஒவ்வொரு போகத்திலும் அதன் வளத்தைக் கூட்டுவதுதான் மீட்டுருவாக்க விவசாயம்: தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடியை மடக்கி உழுவது, வைக்கோல், சருகால் மண்ணை மூடி மூடாக்கு போடுவது, உழவைக் குறைப்பது. கடலில் அதே வேலையைச் செய்வது, தீவனமே போடாமல் பாசியும் சிப்பியும் வளர்ப்பது. இரண்டையும் இணைப்பது தண்ணீர்.

சோழவந்தான் நெல்வயலில் பயிர் எடுத்தது போக மிஞ்சும் யூரியாவின் தழைச்சத்து (நைட்ரஜன்) வடிகாலில் இறங்குகிறது. வைகை பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடும். நல்ல வெள்ளம் வந்தால் ஆற்றங்கரை என்ற ஊர் அருகே பாக் விரிகுடாவை எட்டும். கடலில் சத்து அளவுக்கு மீறினால் நுண்பாசி பெருகும், அது அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் தீரும், மீன் தாங்காது. மாடி வீட்டுக் குழாய் ஒழுகினால் கீழ் வீட்டுச் சுவர் ஊறுவதைப் போலத்தான். ஆகவே வயலில் உரத்தைக் குறைப்பதே முதல் வேலை என்பேன். தப்பிக் கடலுக்கு வந்ததை மண்டபம் பக்கம் வளர்க்கும் கடல்பாசி உறிஞ்சிக்கொள்ளும். அறுத்த பாசியின் சாற்றைத் தண்ணீரில் கலந்து பயிருக்குத் தெளித்தால் பொட்டாசியமும் வளர்ச்சி ஊக்கிகளும் வயலுக்கு வரும்.

அப்புறம், கடலில் எதை வளர்த்தாலும் நல்லதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: தீவனம் கொட்டும் இறால் பண்ணை கழிவுச் சத்தைக் கூட்டவே செய்யும், அயல்நாட்டு கப்பாஃபைகஸ் பாசியோ மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுப் பவளப்பாறைகள் மேலேயே படர்ந்திருக்கிறது.